கத்திக்குத் தோல் உறை தைப்பது: தையல் ஏன் அறுகிறது, அலகு ஏன் துருப்பிடிக்கிறது?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 10 செ.மீ. அலகுள்ள கார்பன் ஸ்டீல் கத்தி ஒன்றுக்கு நீங்களே உறை தைத்திருக்கிறீர்கள். பழைய கைப்பையைப் பிரித்தெடுத்த மெத்தென்ற தோல், இரண்டு பக்கத்தையும் ஒட்டி ஓரத்தில் தையல். இரண்டே மாதத்தில் முனைப் பக்கம் தையல் அறுந்துவிட்டது, கத்தி உள்ளே ஆடுகிறது, அலகில் பழுப்புப் புள்ளிகள். எங்கே தவறு, அடுத்ததை எப்படித் தைப்பது என்று கேட்கிறீர்கள்.

தையலில் உங்களுக்குக் குறை இல்லை. கத்தியைத் தாளில் வைத்து வரைந்து, அந்தக் கோட்டை ஒட்டி வெட்டித் தைத்ததில்தான் சிக்கல். கத்தி உறைக்குள் சும்மா கிடப்பதில்லை. ஒரு நாளில் எத்தனையோ முறை உள்ளே போகிறது, வெளியே வருகிறது. ஒவ்வொரு முறையும் அதன் வாய், அதாவது அலகின் கூரான விளிம்பு, எந்த வழியாகப் போகிறது, எதை உரசுகிறது? உறை தைப்பதில் எடுக்கும் முடிவுகளில் பாதிக்கு மேல் இந்தக் கேள்விக்கான பதில்தான்.

முதலில் தையல் அறுந்த கதை. இரண்டு தோலை நேருக்கு நேர் ஒட்டித் தைத்தால், கத்தியின் வாய் நேராகத் தையல் நூல்மேல் உட்காரும். எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் கூரான இரும்பு அதை அறுக்கத்தான் செய்யும். அதனால் இரண்டு தோலுக்கும் நடுவே, வாய்ப் பக்கம் முழுக்க, ஒரு தோல் பட்டையை வைத்துத் தைப்பார்கள். இதற்கு வெல்ட் என்று பெயர். 10 முதல் 12 மி.மீ. அகலம் போதும். கனம், கத்தி முதுகின் கனத்துக்குக் கிட்டத்தட்டச் சமமாக இருக்க வேண்டும்; முதுகு 4 மி.மீ. என்றால் வெல்ட்டும் 4 மி.மீ. இப்போது வாய் உரசினாலும் வெல்ட்டின் உள்விளிம்பைத்தான் உரசும். தையல் அதிலிருந்து 6, 7 மி.மீ. தள்ளி, பத்திரமாக இருக்கும். கத்தியின் கனத்துக்கு உள்ளே இடம் உண்டாக்கித் தருவதும் இந்தப் பட்டைதான்.

நான் முதன்முதலில் நண்பர் ஒருவருக்குத் தைத்த உறையில் வெல்ட் வைக்கவில்லை. அது தேவை என்றே எனக்குத் தெரியாது. மூன்று மாதம் கழித்து அவர் உறையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். முனைப் பக்கம் ஏழு தையல் வரிசையாக அறுந்து, பிளவு வழியே கத்தி முனை ஒரு விரல் நகம் அளவு வெளியே தெரிந்தது. குனிந்தபோது அது சட்டையைக் கிழித்திருக்கிறது. நல்லவேளை, உடம்பில் படவில்லை. அந்த உறையை இன்னும் வைத்திருக்கிறேன். புதிதாகக் கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் முதலில் அதைத்தான் கையில் கொடுப்பேன்.

வெல்ட் ஒன்றுதான் வழி என்றும் இல்லை. பின்லாந்தில் புக்கோ என்ற சிறு கத்திக்குச் செய்யும் உறையில் தையல் பின்பக்கம், நட்ட நடுவில் ஓடும். உள்ளே அலகு போய் உட்கார மரத்தில் குடைந்த ஒரு கூடு இருக்கும். வாய் மரத்தைத்தான் உரசும். தோலும் நூலும் அதன் வழியிலேயே இல்லை. அழகான தீர்வு. ஆனால் முதல் உறைக்கு, ஒரே தோலை நடுவில் மடித்து வெல்ட் வைத்துத் தைக்கும் மடிப்பு உறைதான் சுலபம்.

இப்போது தோல். உங்கள் கைப்பைத் தோல் பெரும்பாலும் குரோம் உப்பால் பதனிட்டதாக இருக்கும். இந்த முறைக்கு 1884-ல் அகஸ்டஸ் ஷுல்ட்ஸ் காப்புரிமை பெற்றார். மரப்பட்டைச் சாற்றில் வாரக்கணக்கில் ஊறவேண்டிய தோல் ஓரிரு நாளில் பதமாகிவிட்டதால், இன்று பை, மேற்சட்டை, செருப்பின் மேல்தோல் எல்லாமே பெரும்பாலும் இதில்தான். பைக்கு அருமையான தோல், கத்திக்கு ஆகாது. அதில் மிச்சமிருக்கும் அமில உப்புகள் ஈரம் பட்டதும் இரும்பைத் தின்னத் தொடங்கும். அதோடு, நனைத்து அழுத்தினால் வடிவம் பிடிக்காது. காய்ந்ததும் பழையபடி துவண்டுவிடும். உங்கள் மூன்று குறைகளில் இரண்டு, அதாவது ஆட்டமும் புள்ளியும், இங்கிருந்தே தொடங்கின.

உறைக்கு வேண்டியது மரப்பட்டையில் பதனிட்ட மாட்டுத் தோல். கடைகளில் வெஜ் டான் என்று கேட்டால் புரியும். சாயம் போடாதது வெளிர் சந்தன நிறத்தில் இருக்கும், வெட்டிப் பார்த்தால் உள்ளேயும் அதே நிறம்தான். குரோம் தோலின் வெட்டுமுகத்தில் பெரும்பாலும் நீலச் சாம்பல் தெரியும். உங்கள் கத்திக்கு 3 மி.மீ. கனம் சரியாக இருக்கும். கனத்தை அவுன்ஸில் சொன்னால் குழம்ப வேண்டாம்: ஒரு அவுன்ஸ் என்பது சுமார் 0.4 மி.மீ., ஆக 7 அல்லது 8 அவுன்ஸ் கேளுங்கள். முதுகு அல்லது தோள் பகுதித் தோலாக இருக்கட்டும். வயிற்றுப் பகுதி மலிவு, ஆனால் இழுபடும். இன்று இறுக்கமாக இருக்கும் உறை நாளை தொளதொளத்துவிடும்.

சரி, அளவெடுப்பதற்கு வருவோம். நடுவில் மடித்த கெட்டி அட்டையில், மடிப்புக் கோட்டின்மேல் கத்தியின் முதுகைச் சேர்த்துவைத்து, வாய்ப் பக்கத்தை வரையுங்கள். அந்தக் கோட்டுக்கு வெளியே வெல்ட்டின் அகலத்தையும், பிறகு தேய்த்துச் சமன் செய்ய 2, 3 மி.மீ.யும் சேர்த்து வெட்டுங்கள். இங்கே எல்லோரும் தடுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. அட்டை மெல்லியது, தோல் 3 மி.மீ. கனம். மடியும் இடத்தில் தோலின் கனமும் கத்தி முதுகின் கனமும் சேர்ந்து அளவைத் தின்றுவிடும். மடிப்பின் இரண்டு பக்கமும் 3 மி.மீ. கூடுதலாக விட்டு, முடிந்தால் அதே கனமுள்ள கழிவுத் தோலிலோ ரப்பர் ஷீட்டிலோ ஒருமுறை வெட்டி, கிளிப் மாட்டிக் கத்தியைச் செருகிப் பாருங்கள். நல்ல தோலில் கத்திரி வைப்பது அதற்கு அப்புறம்தான்.

இன்னொன்றும் பாருங்கள். அலகு மேலிருந்து கீழ்வரை ஒரே அகலமா, அல்லது நடுவில் வயிறு தள்ளியிருக்கிறதா? வயிறு தள்ளிய அலகுக்கு, அலகின் கோட்டை அப்படியே பின்பற்றி வெல்ட்டை வெட்டினால் கத்தி உள்ளே அழகாகப் பொருந்தும், ஆனால் போகவும் வரவும் வழி இருக்காது. மிக அகலமான இடம் எதுவோ, அதற்கு மேலே உறை வாய் வரைக்கும் அந்த அகலம் திறந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு உருவலிலும் வாய் வெல்ட்டைச் சீவிக்கொண்டே வரும். உறைக்குள்ளிருந்து பொடிப்பொடியாகத் தோல் துகள் உதிர்கிறது என்று சிலர் சொல்வது இதனால்தான்.

அலகு தளர்வாகப் போய்வந்தால் கத்தி எதில் நிற்கும்? பிடியில். பிடியின் கீழ்ப்பகுதி, மூன்றில் ஒரு பங்காவது, உறைக்குள் இறங்கட்டும். அங்கே தோல் பிடியின் வளைவைக் கவ்வி நிற்கும். புக்கோ உறையில் பிடி பாதிக்கும் மேல் உள்ளே போய்விடும். வார், பொத்தான் எதுவும் இல்லாமலே கத்தி உட்கார்ந்திருப்பதன் ரகசியம் அதுதான். பிடியைச் சுற்றி வார் கட்டி ஸ்னாப் பட்டன் வைப்பதை நான் கூடியவரை தவிர்ப்பேன். உருவும்போது வார் வாயின் பாதையில் வந்து விழும், ஒரு நாள் அறுபடும். ஏறி இறங்கி வேலை செய்கிறவருக்குப் பட்டன் இல்லாமல் முடியாது என்றால், உருவும் கையின் கட்டை விரல் தானாகப் போய்த் திறக்கும் இடத்தில் வையுங்கள். பட்டனின் உள்பக்க உலோகத்தை ஒரு மெல்லிய தோல் துண்டால் மூடுங்கள். அது பிடியைக் கீறாது, பித்தளை பச்சை பூத்துக் கறையும் படாது.

பெல்ட் வளையத்தை உறையை மடித்து ஒட்டுவதற்கு முன்பே தைத்துவிடுங்கள். மூடிய உறைக்குள் ஊசி விட வழியில்லை, இதை மறந்து முழு உறையையும் பிரித்தவர்கள் உண்டு. வளையம் பின்பக்கத் துண்டில் வரும். வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் பின்பக்கம் வேறு. பிறருக்குத் தைப்பதானால் எந்தக் கை, பெல்ட் எத்தனை அகலம், பெரும்பாலும் நின்று வேலையா உட்கார்ந்தா என்று கேட்காமல் கத்திரியை எடுக்காதீர்கள். உட்காரும்போது பிடி விலாவில் குத்தினால் எவ்வளவு அழகான உறையும் அலமாரிக்குப் போய்விடும். 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் கிடைத்த ஓட்ஸி என்ற மனிதரின் உடலோடு ஒரு சிறு கல் கத்தியும் கிடைத்தது. ஏறக்குறைய 5,300 ஆண்டுப் பழமை. அந்தக் கத்திக்கும் மரநாரில் பின்னிய உறை இருந்தது, இடுப்பு வாரில் மாட்டிக்கொள்ள பக்கவாட்டில் தோல் கண்ணியும் இருந்தது. கத்தி இருந்த காலமெல்லாம் அதை எங்கே மாட்டுவது என்ற கவலையும் இருந்திருக்கிறது.

ஒட்டுவதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரண்டு பக்கமும் பசை தடவி, விரலில் ஒட்டாத பதம் வந்ததும் அழுத்துங்கள். தோலின் வழவழப்பான மேல்புறத்தில் பசை பிடிக்காது. வெல்ட்டின் அந்தப் பக்கத்தை முரட்டு உப்புத்தாளால் நன்றாகச் சுரண்டிவிட்டு ஒட்டுங்கள். உறை வாய்க்கு அருகே வெல்ட்டைச் சரிவாகச் சீவி மெலியவிட்டால் பிடி இறங்க இடம் கிடைக்கும். ஒட்டியதும் வெளிவிளிம்பை உப்புத்தாளில் தேய்த்து மூன்று அடுக்கையும் ஒன்றாக்குங்கள். தையல் கோடு அதற்குப் பிறகு. சமனான விளிம்பிலிருந்து அளந்தால்தான் கோடு நேராக வரும். விளிம்பிலிருந்து 4 மி.மீ. தள்ளி முன்பக்கமும் பின்பக்கமும் லேசாக ஒரு பள்ளம் கீறிக்கொண்டால் நூல் அதில் தாழ்ந்து உட்காரும், உரசித் தேயாது.

தையல் இந்த வேலையில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. ஒரே நூல், இரண்டு முனையிலும் ஒவ்வொரு ஊசி. ஒவ்வொரு துளையிலும் வலப்பக்க ஊசி இடப்பக்கம் போகும், இடப்பக்க ஊசி வலப்பக்கம் வரும். குதிரைச் சேணம் தைக்கிறவர்களின் தையல் இது. தையல் இயந்திரத்தில் இரண்டு நூல் ஒன்றையொன்று கொக்கி போட்டுப் பிடிக்கும். ஒன்று அறுந்தால் பக்கத்துத் தையல்களும் தளரும். சேணத் தையலில் ஒவ்வொரு துளையிலும் நூல் இரண்டு முறை போவதால், ஓரிடத்தில் அறுந்தாலும் மற்றவை அசையாமல் நிற்கும். அந்த ஏழு தையல் அறுந்த உறையில்கூட எட்டாவது தையல் இன்றைக்கும் இறுக்கமாக இருக்கிறது.

நூல் 0.8 அல்லது 1 மி.மீ. மெழுகிட்ட பாலியஸ்டர், இல்லையென்றால் லினன். தையல் இடைவெளி 4 மி.மீ. தையல் நீளத்துக்கு நான்கு மடங்கு நூல் எடு என்று பொதுவாகச் சொல்வார்கள். மெல்லிய தோலுக்குத்தான் அது சரி. உங்கள் உறையில் தோல் 3, வெல்ட் 4, தோல் 3 என மொத்தம் 10 மி.மீ. கனம். 18 செ.மீ. தையலில் சுமார் 45 துளை; ஒவ்வொரு துளையிலும் இரண்டு முறை 10 மி.மீ. கடந்தால் 90 செ.மீ. மேற்பரப்பில் இரண்டு பக்கமும் ஓட 36 செ.மீ. ஊசிக்குப் பின்னால் பிடித்து இழுக்க இரண்டு பக்கமும் 20 செ.மீ. ஆக 1.75 மீட்டர் வெட்டுங்கள். கடைசி நான்கு துளைக்கு நூல் போதாமல் நிற்பதைப்போல மனம் உடைக்கும் விஷயம் இந்த வேலையில் வேறில்லை.

10 மி.மீ. தோலில் குத்தூசியை நேராக இறக்கப் பல நாள் பழக்கம் வேண்டும். கொஞ்சம் சாய்ந்தாலும் முன்பக்கம் நேர்கோடு, பின்பக்கம் பாம்பு போன பாதை. முதல் சில உறைகளுக்கு, ஸ்டாண்டில் மாட்டிய டிரில்லில் 1.5 மி.மீ. பிட் போட்டுத் துளையிடுங்கள். கைவேலையின் பெருமை அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஊசி மழுங்கிய முனையாக இருக்கட்டும். கூரான ஊசி, துளையில் ஏற்கெனவே இருக்கும் நூலைக் குத்திப் பிளந்துவிடும். எந்த ஊசி முதலில் போகிறது, இரண்டாவது அதன் மேலே வருகிறதா கீழே வருகிறதா என்பதை முதல் தையலில் முடிவு செய்து கடைசித் தையல் வரை மாற்றாமல் இருந்தால் வரிசை தானாக ஒரே சாய்வில் வரும். உறை வாய்ப் பக்கம்தான் அதிகம் இழுபடும் இடம். அங்கே இரண்டு மூன்று துளை திரும்பித் தைத்து முடியுங்கள்.

அடுத்தது நனைத்து வடிவம் கொடுப்பது. ஆட்டத்துக்கான மருந்து இதுதான். கத்தி அலகில் மெல்ல எண்ணெய் தடவி, பிடியோடு சேர்த்துக் கிளிங் ஃபிலிமில் இரண்டு சுற்றுச் சுற்றுங்கள். உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் அமிழ்த்தினால் குமிழ் குமிழாகக் காற்று வரும். அரை நிமிடத்தில் குமிழ் அடங்கும், எடுத்துவிடுங்கள். மேல்நிறம் கொஞ்சம் வெளிறத் தொடங்கியதும் கத்தியைச் செருகி, விரலின் சதையால் பிடியின் ஓரங்களைத் தேடித் தேடி அழுத்துங்கள். தோல் அப்போது பிசைந்த களிமண் மாதிரி கேட்கும். நகம் பட்டால் அதையும் கேட்கும், அந்தப் பிறை வடிவம் பிறகு போகவே போகாது. நகத்தை முந்தின நாளே வெட்டிவிடுங்கள். இரண்டு மூன்று மணி நேரத்தில் வடிவம் நிலைத்ததும் கத்தியை மெதுவாக உருவி வெளியே வைத்துவிட்டு, உறையை நிழலில் ஒரு முழு நாளாவது காயவிடுங்கள். அவசரப்பட்டு அடுப்பு, சூடான காற்றை ஊதும் கருவி என்று போகாதீர்கள். ஈரமான பட்டைத் தோல் 70 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூட்டிலேயே சுருங்கி முறுக்கிக்கொள்ளும், பிறகு அப்பளம் போல நொறுங்கும்.

நனைக்கும்போது மேசையில் இரும்புத் தூள் இருக்கவே கூடாது. ஒருமுறை சாணை பிடித்த மேசையைத் துடைத்தாயிற்று என்று நம்பி, ஈர உறையை அதில் வைத்துவிட்டேன். மறுநாள் காலையில் வெளிர் தோல் முழுக்க மிளகு தூவினாற்போல் கருநீலப் புள்ளிகள். பட்டையிலிருந்து தோலில் ஏறிய டானினும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் மை உண்டாகும். பழைய காலத்து எழுது மையே அப்படித்தான் தயாரானது. உடனே எலுமிச்சைச் சாற்றைப் பஞ்சில் தொட்டு ஒற்றினால் பெரும்பாலும் மறையும், நன்றாகக் கழுவிவிட வேண்டும். அன்று எனக்குப் பாதிதான் மறைந்தது. மீதியைக் கருப்புச் சாயம் போட்டு மூடினேன். இதே வேதியியலை வேண்டுமென்றே பயன்படுத்துகிறவர்களும் இருக்கிறார்கள்: வினிகரில் இரும்புத் துகளை ஊறவைத்துத் தோலில் தடவினால் சாயமே இல்லாமல் ஆழமான கருப்பு வரும்.

நன்றாகக் காய்ந்ததும் விளிம்பு. 120, 220, 400 என்று உப்புத்தாளில் படிப்படியாகத் தேய்த்து, லேசாக ஈரம் தொட்டு, மரக்கட்டையாலோ முரட்டுத் துணியாலோ சூடு பறக்கத் தேயுங்கள். மூன்று அடுக்கும் ஒன்றாகி மெருகு ஏறும். மேலே தேன்மெழுகு. சாயம் வேண்டுமென்றால் எண்ணெய்க்கு முன்னால் போட்டு, துணியில் நிறம் ஒட்டாத வரை துடைத்தெடுங்கள். எண்ணெய், மாட்டின் கால் எலும்பிலிருந்து எடுக்கும் நீட்ஸ்ஃபுட் எண்ணெய், மெல்லிசாக ஒரு கை, மறுநாள் இன்னொரு கை. அதற்குமேல் வேண்டாம். தோல் குடிக்கிறதே என்று ஊற்றிக்கொண்டே போனால், நனைத்து வாங்கிய விறைப்பெல்லாம் போய்க் கைப்பைத் தோல் போல ஆகிவிடும். சமையல் எண்ணெய் கூடவே கூடாது, நாளானால் சிக்கு வாடை வரும். முனையில் தண்ணீர் வடிய ஒரு சிறு துளை விடுவதா என்பதில் கைவினைஞர்களிடையே இரண்டு கருத்து உண்டு. நான் விடுவேன். உள்ளே போன தண்ணீர் அங்கேயே நிற்பதைவிட, அந்தத் துளை வழியாக வடிந்து போவது மேல்.

துருவுக்கு முழு விடை தோலை மாற்றுவதில் மட்டும் இல்லை. பட்டைத் தோலிலும் அமிலம் உண்டு. எந்தத் தோலும் காற்றிலிருக்கும் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். உறை கத்தியைச் சுமந்துபோகத்தான்; மாதக்கணக்கில் உள்ளேயே போட்டுவைக்கும் பெட்டி இல்லை. வீட்டுக்கு வந்ததும் அலகைத் துடைத்து, மினரல் ஆயில் ஒரு சொட்டுத் தடவி, உறைக்கு வெளியே வையுங்கள். எப்போதும் தண்ணீரிலேயே வேலை என்றால் தோலை விட்டுவிட்டு, சூடாக்கி அச்செடுக்கும் கைடெக்ஸ் பிளாஸ்டிக் உறைக்குப் போவதுதான் நியாயம். தோல்மேல் எனக்கு எவ்வளவு பிரியம் இருந்தாலும் இதைச் சொல்லியாக வேண்டும்.

இப்போது உங்கள் அலகில் இருக்கும் பழுப்புப் புள்ளிகளை 1000-க்கு மேற்பட்ட மெல்லிய உப்புத்தாளில் எண்ணெய் தொட்டு, அலகின் நீளவாக்கில் தேய்த்துப் பாருங்கள். மேலாக இருந்தால் போய்விடும். குழி விழுந்திருந்தால் துருவை மட்டும் எடுத்துவிட்டுக் குழியை அப்படியே விட்டுவிடுங்கள்.

புது உறை முடிந்ததும் பெல்ட்டில் மாட்டுவதற்கு முன் ஒரு சோதனை. மெத்தைமேல் உறையைத் தலைகீழாகப் பிடித்து, கையைத் தள்ளி வைத்துக்கொண்டு நன்றாக உதறுங்கள். கத்தி அசையக் கூடாது. பிறகு நிமிர்த்திப் பிடித்து உருவிப் பாருங்கள். முதலில் ஒரு பிடிப்பு, அது விட்டதும் தடையில்லாமல் வர வேண்டும். வழி நெடுக உரசிக்கொண்டே வந்தால் வெல்ட்டின் உள்விளிம்பில் எங்கோ வாய் தொடுகிறது. ஐம்பது முறை உருவிச் செருகி, ஒரு வெள்ளைத் தாளில் உறையைக் கவிழ்த்துத் தட்டுங்கள். தாளில் தோல் துகள் விழுந்தால், வெல்ட் எங்கே வெட்டுப்பட்டிருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, அடுத்த அட்டையில் அந்த இடத்தை 2 மி.மீ. வெளியே தள்ளி வரையுங்கள்.